பின்சீட்டுக் குரல்

தஞ்சாவூர்,
6.1.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

அபிநயா எழுதிக்கொள்வது. போன் இருக்கும்போது கோடியக்கரைக்குக் கடிதமா என்று அம்மா சிரிப்பாள். போனில் எதைச் சொன்னாலும் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறீர்கள். போன வாரம் "அம்மாவுக்குக் காய்ச்சல் எப்படி இருக்கு?" என்றேன். அதற்கும் "சரிம்மா"தான். எழுதினால் படித்துத்தானே ஆக வேண்டும்!

விஷயம் இதுதான். பிப்ரவரி ஐந்தாம் தேதி மறுபடி கல்லூரி வேலைக்குப் போகிறேன். வாரநாட்களில் பரிதி உங்களிடமும் அம்மாவிடமும் இருக்கட்டும் என்று நீங்கள் கேட்டதில் எனக்கு முழுச் சம்மதம். ஹரிஷுக்குத்தான் தயக்கம். "ஒன்றரை வயசுப் புள்ளைய அந்தப் பழைய கார்லயா அனுப்புறது?" என்கிறார். குழந்தைக்கென்று தனி சீட் மாட்டினால் சம்மதிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்போதைக்குப் பின்பக்கம் பார்த்து உட்கார வைத்து, வளர்ந்ததும் அதையே முன்பக்கம் திருப்பிக்கொள்ளும் சீட் ஒன்று இருக்கிறது. புதுக் கார்களில் அதைக் கொக்கியால் மாட்ட வளையம் இருக்கும். உங்களுடையது இருபது வருஷத்து வண்டி. பெல்ட்டை வைத்துத்தான் கட்ட வேண்டும், அதற்கு நீளம் நிறைய வேண்டுமாம். பின்சீட் பெல்ட்டை முழுக்க இழுத்து அளந்து எழுதுங்கள். மடியில் வைத்துக்கொள்ளலாம் என்ற பேச்சே வேண்டாம்.

பரிதிக்கு இன்னும் "தாத்தா" வரவில்லை. "தா" வரைக்கும் வந்திருக்கிறது.

உங்கள் பிரியமுள்ள
அபிநயா


கோடியக்கரை,
11.1.2024

அன்பு மகள் அபிக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டு நாலு நாள் ஆகிறது. மீன் குழம்பு வைக்கிறாள், சண்டையும் போடுகிறாள்.

உன்னை மொபெட்டின் முன்னால் நிற்க வைத்து வேதாரண்யம் வரைக்கும் கொண்டுபோனவன் நான். முப்பது வருஷம் படகு எஞ்சினோடு குடித்தனம் நடத்தியவனுக்கு ஒரு பெல்ட் கட்டத் தெரியாதா என்று மாப்பிள்ளையிடம் கேள். கேட்க வேண்டாம், சும்மா சொன்னேன். அவர் பிள்ளை, அவர் பயம். சீட்டை வாங்கு.

பெல்ட்டை அளந்தேன். ஒரு பாகமும் இரண்டு சாணும் இருக்கிறது. வண்டியை எனக்கு விற்ற நெய்னா முகம்மது பாயும் கூட இருந்து பார்த்தார். பெல்ட்டில் ஒரு நூல் பிரியவில்லை. பின்சீட்டில் உட்கார்ந்தால் அம்மாவுக்குக் குமட்டும், அதனால் முன்சீட் அவளுக்கு. பின்சீட் முழுக்கப் பரிதியின் ராஜ்யம். மீன் பெட்டி ஏற்றிய வாடை போகவில்லை என்று மூன்று நாளாகச் சீயக்காய் போட்டுத் தேய்க்கிறாள்.

போனைப் பற்றிக் குறைப்பட்டிருந்தாய். இங்கே கடல் காற்று, சிக்னல் நிற்பதில்லை. நீ கடிதமே போடு, இதுதான் எனக்கு நன்றாக இருக்கிறது.

என்றும் உன் நலம் நாடும்
அப்பா


தஞ்சாவூர்,
27.1.2024

அன்புள்ள அப்பா,

பாகம், சாண் என்று சொன்னதும் கடைக்காரர் முழித்தார். ஹரிஷை இரண்டு கையையும் ஒரு பாகத்துக்கு விரிக்கச் சொல்லி டேப் வைத்து அளந்தேன். உங்கள் கை இன்னும் நாலு விரல் நீளம் என்று தெரியும், அதையும் சேர்த்துக்கொண்டேன்.

நாலு சீட் பார்த்தோம். ஒன்றுக்குக் கொக்கி வளையம் கட்டாயம். இரண்டுக்கு உங்கள் பெல்ட் எட்டாது. மிச்சமிருந்த ஒன்றைத்தான் எடுத்திருக்கிறேன். இதில் பெல்ட் சுற்றி வரும் தூரம் குறைவு, உங்கள் பெல்ட்டே எட்டும், கட்டினால் ஆடாது. ஹரிஷ் இன்னும் பெரியதாகப் பார்க்கச் சொன்னார். நான்தான் பிடிவாதமாக இதை வாங்கினேன்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். குழந்தையின் இரண்டு தோள்பட்டை வாரையும் சேர்த்து நடுப் பூட்டில் தள்ளும்போது "டக்" என்று சத்தம் வரும். சத்தம் வந்தால்தான் பூட்டியதாக அர்த்தம். பாதி நுழைந்தாலும் கண்ணுக்குப் பூட்டியதுபோலவே தெரியுமாம்.

நாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுங்கள். அவனுடைய துணியெல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். எடுத்து வைத்துவிட்டு அழுதேன், அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

அபி


தஞ்சாவூர்,
19.2.2024

அன்புள்ள அப்பா,

பரிதிக்குக் கழுத்தடியில் முறிந்த காறை எலும்பு ஒட்டி வருகிறது. இன்னும் இரண்டு வாரத்தில் கட்டைப் பிரித்துவிடலாம் என்கிறார் டாக்டர். இடது கையால் சோற்றை வாரி இறைக்கிறான். கவலைப்படாதீர்கள்.

நாலாம் தேதி ஆஸ்பத்திரியில் நீங்கள் சுவரோரமாக நின்றுகொண்டே இருந்தீர்கள், நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அது கோபமில்லை அப்பா. ரோட்டில் பாதிக்கு நெல் காயப்போட்டிருந்தால் யாராயிருந்தாலும் ஒதுங்கத்தான் செய்வார்கள். சக்கரம் வாய்க்கால் கரையில் இறங்கி வண்டி சாய்ந்தது உங்கள் தவறில்லை. சாய்ந்தாலும் அவன் சீட்டிலேயே இருந்திருக்க வேண்டும். கீழே விழுந்தான் என்றால் பூட்டு விட்டிருக்கிறது. இங்கிருந்து கிளம்பும்போது நீங்கள் பூட்டுகையில் நான் பக்கத்தில் நின்று, உங்கள் தோளைத் தொட்டுக் கேட்டேன். "சத்தம் கேட்டுச்சாப்பா?" "கேட்டுச்சும்மா" என்றீர்கள். அப்படியானால் தப்பான சீட்டை வாங்கியது நான்தான்.

ஹரிஷ் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அந்த சீட்டைப் பரண்மேல் போட்டுவிட்டு, என்னோடு பேசுவதையே குறைத்துவிட்டார். நான் வேலையை விட்டுவிடுகிறேன் அப்பா. மார்ச் ஒன்றாம் தேதி கல்லூரியில் எழுதிக் கொடுக்கப் போகிறேன். பிள்ளைக்கு ஒரு சீட் பார்த்து வாங்கத் தெரியாதவள் ஊர்ப் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுப்பது?

உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நீங்கள் கவனமாகத்தான் செய்தீர்கள்.

அபி


கோடியக்கரை,
23.2.2024

என் மகள் அபிநயாவுக்கு,

உன் கடிதத்தின் கடைசி இரண்டு வரியை என்னால் தாங்க முடியவில்லை. இதை மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு. வேலையை விடாதே.

சீட் நல்ல சீட். வண்டி சாய்ந்தபோதும் அது இருந்த இடத்தைவிட்டு விரல்கடை நகரவில்லை. பூட்டும் நல்ல பூட்டு. நான்தான் அதைப் பாதியில் விட்டேன். சத்தம் கேட்டதா என்றாய், கேட்டது என்றேன். எனக்குக் கேட்கவில்லை. மூன்று வருஷமாக அந்த மாதிரிச் சின்னச் சத்தம் எதுவும் கேட்பதில்லை. எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்தே காது போய்விட்டது. எதிரே நிற்பவர்களின் வாயைப் பார்த்துச் சமாளித்தேன். போனில் வாய் தெரியாது, அதனால் எல்லாவற்றுக்கும் "சரிம்மா". சிக்னல்மேல் பழி போட்டேன். சொல்வதில் பாதியைக் காதில் வாங்காத மனுஷன் என்று அம்மா நினைத்தாள், காது இவ்வளவு போனது அவளுக்கும் தெரியாது.

நெல்லுக்காகவும் நான் ஒதுங்கவில்லை. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே வந்திருக்கிறான். கண்ணாடியில் திடீரென்று பார்த்துத்தான் வண்டியை ஒடித்தேன்.

அன்றே சொல்லியிருக்கலாம். செவிடன் என்று தெரிந்தால் பிள்ளையை என்னிடம் விடமாட்டாய் என்று பயந்தேன். உன்னிடம் பொய் சொல்லி என் பேரனை வாங்கிக்கொண்டேன். நீ உன்னையே திட்டி எழுதுகிற வரைக்கும் அந்தப் பொய்யைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். சாவியை நெய்னா முகம்மது பாயிடமே கொடுத்துவிட்டேன். இனி நான் எந்த வண்டியும் ஓட்டமாட்டேன். சீட்டைப் பரணிலிருந்து இறக்கு, வேறொரு காரில் மாட்டு. நீ சரியாகத்தான் வாங்கினாய்.

நேற்று எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். அவள் என் எதிரே உட்கார்ந்து, எனக்குப் புரியும்படி மெதுவாக வாயசைத்துச் சொன்னாள். வண்டி சாய்வதற்குக் கொஞ்சம் முன்னால் பரிதி வாரிலிருந்து கையை உருவிக்கொண்டு கூப்பிட்டானாம். "உங்களத்தான் கூப்புடுறான், வண்டிய நிறுத்துங்க" என்று அவளும் சொன்னாளாம். "தாத்தா" என்று மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறான், முழுசாக.

அவன் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எனக்குக் கேட்கவில்லை அபி.

அப்பா
அமிர்தலிங்கம்