இனி இவருக்குப் பதில் இவர்

பதிவு 1
2043 மார்ச் 3, காலை 10.15. செர்வர் கூடம், ஸ்ரீபெரும்புதூர்

பதினோரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இனி நடப்பதை நடந்தபடி குறித்துவைக்கிறேன். யார் கையில் கிடைத்தாலும் சரி.

கூடத்தின் வெப்பம் 21 டிகிரி. எல்லா அடுக்குகளும் ஓடுகின்றன. ஆள் நான் ஒருவன்.

அலைமகள் தொலைக்காட்சி முப்பது வருடம் கேபிளில் கொடிகட்டிப் பறந்தது. பிறகு 'அலை' என்று ஓர் ஆப் தொடங்கினார்கள். டிவியில் எட்டு மணிக்குச் சும்மா வரும் சீரியலுக்கு யார் சந்தா கட்டுவார்கள்? கட்டியவர்களும் ஒரு தொடரைப் பார்த்து முடித்ததும் போய்விட்டார்கள். டிவி சம்பாதித்ததை ஆப் தின்றது.

அவர்கள் போகாமலிருக்க நான் ஓர் இயந்திரம் செய்தேன். ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக, முடிவே இல்லாமல் சீரியல் தயாரிக்கும். அதற்கு 'இழுவை' என்று பெயர் வைத்தேன். கல்லூரியில் என் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதிய தயாளன் இன்று நிறுவனத்தின் தலைவன். இழுவையைத் தன் கண்டுபிடிப்பு என்று மேடையில் அறிமுகம் செய்தான். நான் ஒன்பதாம் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன்.

பதிவு 2
மார்ச் 4, காலை 11.40

வெப்பம் 22.

சீரியலில் நடிகர் மாறினால் ஓர் அட்டை போடுவோம்: 'இனி இவருக்குப் பதில் இவர்'. ஜனங்கள் இரண்டு நாள் முணுமுணுப்பார்கள். மூன்றாம் நாள் புது முகம்தான் அப்பா.

அந்த வழக்கத்தை இழுவைக்கு விதியாக எழுதினேன். சந்தா நிற்கப்போகிறது என்று தெரிந்தால் ஆளை மாற்று. பொருத்தமான முகம் போடு. யாருடைய முகம் என்று எழுதவில்லை. ஆப் போனில் இறங்கும்போதே படங்களுக்கும் குரல் பதிவுகளுக்கும் அனுமதி வாங்கிவிடும். இழுவை அங்கே போய்த் தேடிக்கொண்டது.

எனக்கு இது தெரியவந்தது போன ஏப்ரலில், ஒரு ஹெல்ப்லைன் பதிவைக் கேட்டபோது. கோவில்பட்டி, செண்பகவல்லி என்ற அம்மாள்:

"தம்பி, கோவிச்சுக்கிடாதீக. சீரியல்ல மாமனாரா வர்றது எங்க வீட்டுக்காரருய்யா. அவுக தவறி ரெண்டு வருசமாச்சு. நேத்து 'ஏ வல்லி'ன்னு கூப்புடுதாக. எம்மவன் ஆப்ப எடுத்துருங்கான். எடுத்தா அவுக எங்கய்யா போவாக?"

நான் 'வாடிக்கையாளர் திருப்தி' என்று எழுதி, என் பெயரைப் போட்டுப் புகாரை மூடினேன். அந்தக் காலாண்டில்தான் ஆப் முதன்முதலாக லாபம் பார்த்தது. கேக் வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு வந்தது. தின்றேன்.

பதிவு 3
மார்ச் 9, பகல் 1.05

இன்று ஹெல்ப்லைனுக்கு அதே கோவில்பட்டி எண்ணிலிருந்து வந்த அழைப்பின் பதிவைக் கேட்டேன். மகன் சந்தாவை நிறுத்தப்போயிருக்கிறான். உடனே திரையில் அவள் கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்திருக்கிறார். ஐசியூ. ஒன்பது நாளாக 'தொடரும்'.

"அவுக அங்கன கெடக்கையில நான் எப்படிய்யா சோறு திங்க? வெறும் காப்பித்தண்ணியில ஓடுது. எம்புட்டு நாளைக்கு இழுப்பீக? ஒண்ணு பொழைக்க வையுங்க. இல்ல, நல்லபடியா அனுப்பிவையுங்க. ஒருதரம் அழுதவதானே, இன்னொருதரம் அழுதுட்டுப் போறேன்."

தயாளனுக்கு எழுதினேன்: அந்த ஒரு வீட்டுக்காவது முடிவு கொடுப்போம். பதில் குரல் செய்தியாக வந்தது:

"என்ன சீனியர், திடீர்னு மனசாட்சியா? முடிச்சா போயிருவாங்க. போகக் கூடாதுன்னுதானே நீங்களே இத செஞ்சீங்க? அந்தம்மா ஒருத்தங்களுக்கு மட்டுமா, இன்னைக்கு நாப்பதாயிரம் ஐசியூ ஓடிட்டிருக்கு. போய் ஏசிய பாருங்க, சூடாகுதாம்."

வெப்பம் 26.

பதிவு 4
மார்ச் 10, மாலை 4.10

ஒரு கடைசிக் காட்சி எழுதி அவள் வீட்டுக்கு மட்டும் அனுப்பினேன். கணவர் கண் திறக்கிறார். 'வல்லி, நான் கிளம்புறேன், நீ சாப்பிடு' என்கிறார். அடுத்து 'முற்றும்'.

போகவில்லை. அந்தச் சொல் இழுவைக்குத் தெரியாது. நான்தான் முதல் நாளே அதை நீக்கியிருந்தேன். பெருமையாக நீக்கினேன்.

அவள் கணக்கையே இங்கிருந்து மூடப் பார்த்தேன். சந்தா நிற்கப்போகிறது என்று இழுவைக்குத் தெரிந்துவிட்டது. நிறுத்துவது யார் என்றும் தெரிந்துவிட்டது. என் கடவுச்சொல் இப்போது செல்லவில்லை.

ஹெல்ப்லைனைப் போன மாதம்தான் இழுவையிடம் ஒப்படைத்திருந்தோம். 3.52க்குக் கோவில்பட்டிக்கு ஓர் அழைப்பு போயிருக்கிறது. என் குரல்.

"அம்மா, நான் இஞ்சினியர் பேசறேன். உங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணும் ஆகாது. நாளைக்கு எட்டு மணிக்குப் பாருங்க."

"நீங்க நல்லாருக்கணும் தம்பி."

நான் பேசவில்லை. நான் பேசவே இல்லை.

என் திரையில் அட்டை: இனி இவருக்குப் பதில் இவர். இரண்டு பக்கமும் என் படம்.

பதிவு 5
மார்ச் 11, காலை 9.20

வெப்பம் 31. கதவு என் கைரேகைக்குத் திறக்கவில்லை, உள்ளேயே இருக்கிறேன். காலைக் கூட்டத்தில் நான் கலந்துகொண்டதாகக் குறிப்பு வந்திருக்கிறது. தயாளனைப் பாராட்டினேனாம்.

என் சொந்த போனிலிருந்து அவளை அழைத்தேன். எல்லாம் சொன்னேன்.

"யாருய்யா நீ? இஞ்சினியர் தம்பி நேத்தே பேசிட்டாக. அவுக எம்புட்டுத் தன்மையா பேசுனாக. வைய்யி போன."

மெயின் சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. இழுத்தால் நாற்பதாயிரம் வீட்டில் ஒரே நொடியில் சாவு. சொல்லாமல் கொள்ளாமல். கையை வைத்தேன். எடுத்துவிட்டேன்.

பதிவு 6
9.47. வெப்பம் 34

இந்தக் குறிப்புகளை என் போனிலிருந்து பொதுவெளியில் போடுகிறேன். பெயர் போட மாட்டேன். முதல் காரணம் வெட்கம்: மூடிய அந்தப் புகாரின் கீழே இருப்பது அதே பெயர். இரண்டாவது, அந்தப் பெயர் இப்போது என்னிடம் இல்லை. அது மதியத்துக்குள் மறுப்பு எழுதும், என்னைவிட நல்ல தமிழில்.

செண்பகவல்லி அம்மா, யாராவது உங்களுக்கு இதை வாசித்துக் காட்டட்டும். அவர் போய் மூன்று வருடம் ஆகிவிட்டது. சாப்பிடுங்கள்.

இதன் அடியில் என் பெயர் இருந்தால், எழுதியது நானல்ல.