புதன்கிழமைக்கு ஒரு பல் நாற்காலி

அனுப்புநர்:
மூத்த வேதியியலர், குடிநீர் வாரிய ஆய்வகம்
(சிறுநீரகப் பிரிவு நோயாளி ஒருவரின் கணவர்)

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
அரசுப் பொது மருத்துவமனை

பொருள்: டயாலிசிஸ் செய்துகொள்ளும் என் மனைவியின் ஈறு நோய்க்குப் புதன்கிழமையில் சிகிச்சை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இது என் மூன்றாவது மனு. முதலிரண்டும் பல் பிரிவுக்குப் போய், அங்கிருந்து சிறுநீரகப் பிரிவுக்குப் போய், 'உரிய பிரிவை அணுகவும்' என்ற குறிப்போடு என்னிடமே திரும்பின. உரிய பிரிவு எது என்று குறிப்பில் இல்லை.

1. என் மனைவிக்குச் செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். அவருடைய அண்ணன் சிறுநீரகம் தர முன்வந்து, பொருத்தமும் சரியாகிவிட்டது. ஆனால் ஈறுகளில் சீழ் இருப்பதால், பல் பிரிவின் ஒப்புதல் இல்லாமல் அறுவைக்கு நாள் குறிக்க முடியாது என்கிறார் சிறுநீரக மருத்துவர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அறுவைக்குப் பின் உடலின் எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கிவைப்பார்கள். வாயிலுள்ள கிருமி அப்போது சும்மா இருக்காது.

2. ஈறு நோய்க் கிருமிகள் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடும் என்று படித்தேன். இரண்டு நோய்களும் சேர்ந்தே காணப்படுகின்றன என்பதுவரை ஆய்வுகள் சொல்கின்றன. ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று முடிவாகச் சொல்லவில்லை. தண்ணீரில் கிருமி பார்ப்பது என் தொழில், அந்த வேறுபாடு புரியும். ஆனாலும் தொட்டியைக் கழுவாமல் புது வடிகட்டி மாட்ட எந்தப் பொறியாளரும் என்னிடம் கையெழுத்துக் கேட்டதில்லை. காலையில் மனைவியின் தலையணை உறையில் ரத்தக் கறையைப் பார்க்கிறேன். அது வெளியே வந்த வழியில் உள்ளே என்ன போயிருக்கும் என்ற நினைப்போடுதான் வேலைக்குப் போகிறேன்.

3. பல் பிரிவு சிறுநீரக நோயாளிகளைப் பார்ப்பதும் அதே செவ்வாய், வியாழன், சனி மட்டுமே. டயாலிசிஸின்போது ரத்தம் உறையாமலிருக்க மருந்து ஏற்றுவதால், அன்று ஈறில் கைவைக்க மாட்டார்கள். மறுநாள் வரச் சொல்கிறார்கள். மறுநாள் போனால், "இன்னிக்கு கிட்னி கேஸ் பாக்கறதில்ல, நாளைக்கு வாங்க" என்கிறார்கள். நாளை டயாலிசிஸ். இதை விளக்கியபோது அங்குள்ள எழுத்தர், "ஒரு நாள் டயாலிசிஸுக்கு லீவு போட்டா என்ன சார்?" என்றார். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

4. டயாலிசிஸையாவது திங்கள், புதன், வெள்ளிக்கு மாற்றித் தரக் கேட்டேன். செவிலியர் குரலைத் தாழ்த்தி, "எல்லாக் கட்டிலும் நிறைஞ்சிருக்கு. யாராச்சும் போனாத்தான் சார் இடம் வரும்" என்றார். எங்கே போனால் என்று நான் கேட்கவில்லை. போன திங்கட்கிழமை மறுபடி விசாரிக்கப் போனேன். ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பெரியவர் விடாமல் இருமிக்கொண்டிருந்தார். என் கண் அவரைவிட்டு நகரவில்லை. அவர் என்னைப் பார்த்து, "ஏன் நிக்கறீங்க தம்பி, உக்காருங்க" என்று நாற்காலியைக் காட்டினார். நான் வெளியே வந்துவிட்டேன்.

5. சிறுநீரகம் தரும் அந்த மைத்துனரும் நானும் பேச்சை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. தவறு அவருடையது, அது இங்கே வேண்டாம். அவர் என் மனைவியிடம், எனக்குக் கேட்கும்படியாக, "தானமா வர்ற மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதும்பாங்க. இங்க வாங்கறவ பல்லைல்ல பிடிச்சுப் பாக்கறாங்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவர் வீட்டில் அவருடைய மகன்களுக்கு இதில் சம்மதமில்லை. அவருக்குக் கோபம் நெடுநாள் நிற்கும், இரக்கம் நிற்காது. நானும் அதே ரகம் என்பதால் தெரியும்.

ஆகவே, சிகிச்சை முடியும்வரை புதன்கிழமைகளில் என் மனைவிக்குப் பல் பிரிவில் ஒரு நாற்காலி ஒதுக்குமாறு, இரண்டு பிரிவுகளுக்கும் எழுத்து மூலம் உத்தரவிட வேண்டுகிறேன். நாற்காலி காலியாக, அதில் இருப்பவர் எழுந்து போனால் போதும். கட்டில் அப்படியல்ல. அந்தக் கட்டிலுக்காகக் காத்திருக்கும் ஆளாக என்னை ஆக்கிவிடாதீர்கள். அடுத்த முறை அந்தப் பெரியவர் உட்காரச் சொன்னால், நான் உட்கார்ந்து அவரிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

இடம்: டயாலிசிஸ் பிரிவின் வெளிக்கூடம்
நாள்: வியாழக்கிழமை

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
நோயாளியின் கணவர்