ஒன்பது அங்குல அடுப்பு

அண்ணி,

பெருமழை தொடங்குமுன் இரும்பு அடுப்புக்குத் துரு பிடிக்காமல் கறுப்புப் பூசுவது வழக்கம். நேற்றுப் பூசினேன். இன்று காலை முதன்முதலாக நெருப்பு வைத்ததும் அந்த வாசனை எழுந்து அறையெல்லாம் நின்றது. நீங்கள் இருந்தால் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னா நாத்தம் புள்ள, மாட்டு வண்டிக்கு மசகு போட்ட மாதிரி" என்று சொல்லியிருப்பீர்கள். "கொஞ்சத்துல போயிரும் அண்ணி" என்று சொல்ல நானும் திரும்பிவிட்டேன். நீங்கள் உட்காரும் கதிரையில் மடித்து வைத்த கம்பளிதான் இருந்தது.

இதை எங்கே அனுப்புவது என்று தெரிந்து எழுதவில்லை. இந்த வீட்டில் இப்போது சண்டை போட ஆள் இல்லை. நமக்குள் ஒரு சண்டை பாதியில் நிற்கிறது. அதற்காக எழுதுகிறேன்.

கோயில் முற்றத்தில் என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். தையற்காரி வீம்புக்கு ஒரு சின்ன அடுப்பை வாங்கி வைத்தாள், அண்ணன் பெண்சாதி குளிரிலேயே போய்ச் சேர்ந்தாள் என்கிறார்கள். என் முகத்துக்கு நேரே ஒருவரும் சொல்வதில்லை. சொன்னால் பதில் வைத்திருக்கிறேன். உங்களுக்குச் சொல்லத்தான் என்னிடம் பதில் இல்லை.

இந்த வீட்டைக் கட்டிய வெள்ளைக்காரன் ரயில்வேயில் இருந்தவன். நாவலப்பிட்டியிலிருந்து வண்டியில் நிலக்கரி ஏற்றிவரச் செய்து எரித்திருக்கிறான். நிலக்கரிக்குப் பெரிய வாய் வேண்டாம். அதனால்தான் முன்னறைச் சுவரில் அந்த நெருப்பு மாடத்தை அத்தனை சிறிதாக வைத்தான். அண்ணன் வீட்டை வாங்கிய முதல் மழைக்கு அதில் விறகைப் போட்டுக் கொளுத்த, புகை மேலே போகாமல் வீட்டுக்குள் வந்து எல்லாரையும் வாசலுக்குத் துரத்தியது என்று நீங்கள் சிரித்துச் சிரித்துச் சொல்வீர்கள். அதன்பிறகு அண்ணன் அந்த மாடத்தைக் கழுவி, நீலம் அடித்து, அந்தோனியார் சுரூபத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். அண்ணன் போன பிறகு என் தையல் மெசினோடு நான் இங்கே வந்தபோது, அது நெருப்பு எரிந்த இடம் என்று சொன்னால்தான் தெரியும். செவ்வாய்க்கிழமை தோறும் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பெண்களும் ரயில்வேக்காரர் பெண்சாதிமாரும் மெழுகுதிரியோடு வருவார்கள். செபம் கொஞ்சம், பேச்சு அதிகம். நான் மெசினை மிதித்துக்கொண்டே கேட்டிருப்பேன்.

இருமல் வந்த வருஷம் உங்களைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கிருந்த அப்போதிக்கரி யாழ்ப்பாணத்து மனிதர். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார். "ஓம், மருந்து தாறன். ஆனா மருந்தைவிட அந்த அறை காய்ஞ்சிருக்க வேணும். சுவரில தண்ணி வடியுது எண்டால் நான் என்ன செய்யிறது?"

அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன். மேலே பங்களாவுக்குத் திரைச்சீலை தைக்கப் போனபோது அங்கே ஒன்றைப் பார்த்திருந்தேன். நெருப்பு மாடத்தின் வாய்க்குள் அப்படியே செருகி வைக்கும் இரும்பு அடுப்பு. முன்னால் கதவு. முதுகிலிருந்து ஒரு குழாய் புகைக்கூண்டுக்குள் ஏறும். விறகு மெல்ல எரியும், புகை வெளியே வராது, இரும்பு சூடாகி அறையைக் காயவைக்கும். துரைசாணி ஊசிநூலைத் தேடிக்கொண்டு உள்ளே போன நேரத்தில் கதவைத் திறந்து, மூடி, கீழே காற்று போகும் துளையைத் தள்ளிப் பார்த்துப் புரிந்துகொண்டேன். எனக்கு எழுத்தும் ஒருவரும் சொல்லித் தரவில்லை, தையலும் சொல்லித் தரவில்லை. இது மட்டும் என்ன?

"அப்ப சாமி எங்க போவாரு?" என்றீர்கள்.

"மேல தட்டுல இருப்பாரு."

"கீழ நெருப்ப வச்சுட்டா?"

"அவருக்கும் குளிரும்தானே அண்ணி."

நீங்கள் சிரிக்கவில்லை. அண்ணன் கையால் வைத்தது, அடுப்பு வந்து வாசலில் இறங்கும்வரை சுரூபத்தில் ஒருவரும் கை வைக்கக் கூடாது என்றீர்கள். சரி என்றேன். முழங்காலில் நின்று, சுரூபத்தின் இரண்டு பக்கமும் கையை நுழைத்து நாடாவால் அளந்தேன். வாய் அகலம் பத்தொன்பது அங்குலம். உள்ளே போகப் போக மாடம் ஒடுங்கும் என்பது தெரியும்; அதனால் பின் அகலத்தையும் எடுத்தேன். உயரம் இருபத்திரண்டு. ஆழம், நீலச் சுவரில் நாடா முட்டும்வரை, ஒன்பது. மூன்று தரம் அளந்தேன். நீங்கள் இந்தக் கதிரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

கண்டியில் கடைத்தெருவில் இரும்புச் சாமான் விற்கும் அக்குறணை ஊர் முஸ்லிம் நானாவிடம் போனேன். ரயில் கோச்சியில் தனியாகத்தான் போனேன். அவரிடம் இரண்டு அடுப்பு இருந்தது. ஒன்று பதினாலு அங்குல ஆழம். வயிறு பெரியது, ஒரு தேயிலை வேர்க்கட்டையை முழுசாகப் போட்டால் அரை நாள் கிடக்கும் என்றார். மற்றது ஆழம் எட்டரை. ஏதோ ஒரு வீட்டுச் சிறு அறைக்கு வரவழைத்து, அவர்கள் எடுக்காமல் விட்டது.

"இதத்தான் கட்டுங்க" என்றேன்.

நானா என் அளவுச் சீட்டைக் கையில் வைத்துப் பார்த்தார். "அம்மா, இந்த அகலத்துக்கு இந்த உசரத்துக்கு ஆழம் ஒம்பது வராதே. வெள்ளக்காரன் அப்பிடிக் கட்ட மாட்டான். பொறத்தால தட்டிப் பாத்தீங்களா?"

"எனக்கு அளக்கத் தெரியும் நானா."

"தெரியாதுண்டு நான் செல்லல்ல. சின்ன அடுப்பு மிச்சம் வேல வாங்கும். அர மணிக்கு ஒருக்கா விறகு கேக்கும். ஊட்டுல சுகமில்லாத ஆள் ஈக்கிற எண்டு செல்றீங்க."

"இருவது வருசமா அளந்து தைக்கிறேன். என் நாடா பொய் சொல்லாது."

"சரி, கொண்டு போங்க. சரிவராட்டி கோச்சியில ஏத்தி அனுப்புங்க, மாத்தித் தாறன்." அப்படிச் சொல்லிவிட்டு, கடை ஆளைப் பார்த்து, "நாடாவோட வந்தவங்களோட வாதாட ஏலுமாடா" என்றார். நான் கேட்காத மாதிரி நின்றேன்.

லயத்திலிருந்து இரண்டு பேர் வந்து அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நீங்கள் சிலுவை போட்டுக்கொண்டு தலையசைத்தீர்கள். சுரூபத்தைத் தூக்கி மேல்தட்டில் வைத்தார்கள். அடுப்பைத் தள்ளிப் பொருத்தும்போது மூலை உரசி, நீலச் சுவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. அது சுவரில்லை. பலகை. அண்ணன் சாமிக்குப் பின்னால் வானம் மாதிரி இருக்கட்டும் என்று வைத்து நீலம் அடித்த பலகை. அதற்குப் பின்னால் கரி படிந்த உண்மையான முதுகு இருந்தது.

தூக்கி வந்தவர்களில் மூத்தவன் கையை விட்டுப் பார்த்தான். "அம்மா, இன்னும் முக்கால் சாண் உள்ள போவுதுங்க."

"தெரியும். செங்கல்ல அடைச்சிருங்க" என்றேன்.

அவர்கள் போனதும் உங்களிடம் கேட்டேன். "பலகை இருக்கிறது உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீ கேக்கல."

இரண்டு நாள் நான் பேசவில்லை. என் மனக்குறை இதுதான் அண்ணி, இன்றைக்கும் அது ஆறவில்லை. அளவு சிறிதாக வந்தால் பொருத்தமான அடுப்பே கிடைக்காது, அந்தோனியார் இருந்த இடத்திலேயே இருப்பார் என்று நினைத்து, நான் முட்டிக்கால் வலிக்க அளந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். மூன்றாம் நாள் நீங்களாகத்தான் வந்தீர்கள். "நானாதான் மாத்தித் தாறேன்னாராமே. மாத்திக்கிட்டு வந்துருவோமா?"

"அளந்தது நான். இதுதான்" என்றேன்.

ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையை மாற்றியிருந்தால் பதினாலு அங்குல அடுப்பு வந்திருக்கும். மாற்றவில்லை. நீங்கள் மறுபடி கேட்கவும் இல்லை.

நானா சொன்னது சரிதான். கதவும் சின்னது, ஏழு அங்குலத்துக்கு மேல் கட்டை நுழையாது. வேர்க்கட்டைகளைப் பிளந்து பிளந்து என் உள்ளங்கை தடித்துப்போய், பட்டுத் துணி தைத்தால் நூல் இழுக்கும். அரை மணிக்கு ஒரு தரம் கதவைத் திறந்து இரண்டு துண்டு போட வேண்டும். மறந்தால் இரும்பு ஆறிவிடும். சுவரில் உடனே ஈரம் பூக்கும். அதனால் மெசினை உள்ளறையிலிருந்து இழுத்துக்கொண்டு வந்து அடுப்புப் பக்கத்தில் போட்டேன். மிதிப்பேன், எழுந்து கட்டை போடுவேன், மறுபடி மிதிப்பேன்.

செவ்வாய்க்கிழமைப் பெண்கள் குறைந்தார்கள். கடைசியாக வந்த ரயில்வேக்காரர் மனைவி வாசலிலேயே நின்று, "சாமி இருந்த எடத்துல நெருப்ப வச்சுட்டீங்களே" என்றாள். "நெருப்பில்லாத குளிருல அவர் பக்கத்துல நீ வந்து உக்காந்தா நெருப்ப எடுத்துர்றேன்" என்றேன். அவள் உட்காரவில்லை. அதற்குப் பிறகு வரவும் இல்லை. நீங்கள் அவள் கொண்டுவந்த மெழுகுதிரியை மேல்தட்டில் வைத்தீர்கள். அது உருகாமலே வெப்பத்தில் வளைந்துபோனது.

அப்படியே ஒரு மழை போயிற்று. அடுத்த மழையும் வந்தது. நாம் இரண்டு பேரும் அந்த அறையில்தான். நீங்கள் பித்தான் தைத்துத் தருவீர்கள். நான் சாமான் சுற்றி வந்த கிழிந்த பத்திரிகைத் தாளில் இருக்கிறதை வாசிப்பேன். பாதிச் செய்தி அடுத்த பக்கத்தில் இருக்கும், அது கிடையாது. மிச்சத்தை நீங்கள் சொல்வீர்கள். திருடன் பிடிபட்டானா, கப்பல் கரை சேர்ந்ததா எல்லாம் நீங்கள் வைத்ததுதான் முடிவு. ஒருநாள் நான் கட்டை போட்டுவிட்டு முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது, எனக்கு எரிச்சல் வந்தது. "பலகைய அன்னிக்கே சொல்லியிருந்தா இந்த வேலை இருக்குமா?" என்றேன்.

நீங்கள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தீர்கள். தலை நிமிரவில்லை.

"பெரிய அடுப்புன்னா காலையில ஒரு கட்டைய தூக்கிப் போட்டுட்டு நீ உள்ளறைக்குப் போயி மெசின்ல உக்காந்துருவ. இதுன்னா இங்கயே இருக்கணுமில்ல?"

"நூல் இத்துப் போச்சு, வேற எடுங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

ஆடி முடியுமுன் நீங்கள் போய்விட்டீர்கள். அப்போதிக்கரியிடம் கேட்டேன், பெரிய அடுப்பு இருந்திருந்தால் என்று. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நெஞ்சு முதலே பழுதாப் போச்சுது அம்மா. அடுப்பில ஒண்டும் இல்லை" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

அதற்குப் பிறகு எவ்வளவோ நடந்துவிட்டது. மேலே பங்களாவில் துரை மாறிவிட்டார். கீழேயிருந்து மோட்டார் பஸ் ஓடுகிறது. பெண்களுக்கும் ஓட்டு வந்துவிட்டது என்கிறார்கள். இதையெல்லாம் வாசித்துவிட்டு மிச்சத்தை யாரிடம் கேட்பது? நானா ஒருமுறை சொல்லி அனுப்பினார், அந்தப் பெரிய அடுப்பு இன்னும் விற்காமல் கிடக்கிறது, வேண்டுமென்றால் செங்கலைத் தட்டிவிட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ரோஷம் என்று அவர் நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும், அதை நீங்கள் ஒருவர்தான் சொல்ல முடியும். அன்றைக்குச் சொன்னது மெய்யா? நான் கூடவே இருக்க வேண்டும் என்று நீங்கள் விரும்பியது மெய்தானா, அல்லது தப்பாக அளந்துவிட்டு ஒத்துக்கொள்ளாமல் நிற்கிறவளுக்கு நீங்களாக ஒரு வழி விட்டீர்களா? இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்த்திருக்கிறேன். முதலாவது என்றால் நான் உங்கள்மேல் வைத்த மனக்குறைக்கு இடமில்லை. இரண்டாவது என்றால் குளிரில் கிடந்துகொண்டு எனக்குப் போர்த்தியிருக்கிறீர்கள். நான் மன்னிப்புக் கேட்கிறவள் இல்லை. அது உங்களுக்குத் தெரியும். பலகையைச் சொல்லாதது தப்பு என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் அடுப்பை மாற்றாதது என் தப்பு. இதை எழுதிவிட்டேன். படித்துக் காட்டத்தான் ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எனக்கு ஒரு தொந்தரவு இருக்கிறது. சுவாமியார் பிரசங்கத்தை நீட்டினால், அரை மணி ஆகும்போது என் உடம்பு தானாக எழுந்துவிடுகிறது. மணி பார்ப்பதில்லை. முழங்கால் வலித்தாலும் எழுந்துவிடும். கட்டை போடும் நேரம். நின்ற பிறகுதான் நான் இருப்பது கோயில் என்று தெரியும். அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிறார்கள். பிரசங்கம் பிடிக்காமல் எழுந்து போகிறாள் என்று சுவாமியார் நினைத்து, ஒருமுறை கேட்டும் விட்டார். நான் காரணம் சொல்லவில்லை. எழுந்தவள் மறுபடி உட்காருவதும் என் வழக்கம் இல்லை. வெளியே போய், தாழ்வாரத்தில் மழைக்கு ஒதுங்கி, பூசை முடியும்வரை நிற்கிறேன்.