மகாராணியின் இடது இறக்கை

மார்ச் 3, செவ்வாய்

இன்று நான்கு கடைவாய்ப் பற்கள். முப்பது வருடத்தில் நான் பிடுங்கிய பற்களை வரிசையாக அடுக்கினால் நிலா வரைக்கும் போகும். மிச்சத்தில் அங்கே ஒரு வேலியும் போடலாம். இப்பேர்ப்பட்ட பல்வைத்தியச் சக்கரவர்த்திக்குச் சொந்தமாக ஒரு விமானம் இல்லை என்பது மனித குலத்துக்கே தலைகுனிவு. ஓட்ட உரிமம் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. பறக்கும் கிளப்பின் ஒரே விமானத்துக்கு வரிசையில் நின்றே கிழவனாகிவிட்டேன்.

கிளப் பலகையில் ஒரு சீட்டு: நான்கு இருக்கை, ஒற்றை எஞ்சின், விற்பனைக்கு.

மார்ச் 5, வியாழன்

பார்த்தேன். விழுந்தேன்.

வெள்ளை உடம்பு, நீலக் கோடு, வயது நாற்பத்தாறு. அங்கேயே மகாராணி என்று பட்டம் சூட்டிவிட்டேன். விற்பவர் வயலுக்கு மருந்து தெளிக்கும் விமானம் ஓட்டி ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் கேப்டன். விமானம் நிறுத்தும் ஹேங்கரில் டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார். தன் பிஸ்கட்டை வலப்பக்கமாகவே மென்றார். இடது கீழ்க் கடைவாயில் ஆழமான சொத்தை. திறந்து பார்க்காமலே சொல்வேன். சொல்லவில்லை. விமானம் வாங்கப் போன இடத்தில் தொழில் பேசுவது சக்கரவர்த்திக்கு அழகா?

மகாராணியின் இடது இறக்கைக்கு அடியில் இரண்டு இடத்தில் பெயிண்ட் கொப்புளம் மாதிரி உப்பியிருந்தது. கேட்டேன்.

"மேலாப்பல அரிப்பு சார். தேய்ச்சு பெயிண்ட் அடிச்சா போயிடும். இந்த வயசுல உங்களுக்கும் எனக்கும் இல்லாததா?"

நியாயம்தானே.

மார்ச் 6, வெள்ளி

அக்கா மகளுக்குப் போன் போட்டேன். விமான மெக்கானிக். வெளியூரில் ஏதோ பயிற்சியில் இருக்கிறாள்.

"மாமா, கொப்புளம்னா உள்ள வேலை நடக்குதுன்னு அர்த்தம். இருபத்தி ரெண்டாம் தேதி வரேன். ரெக்கையைத் திறந்து பாக்காம கையெழுத்து போட்டீங்க, அப்புறம் மாமான்னு கூப்பிட மாட்டேன். வாய்யா போய்யாதான்."

நானும் தினமும் இதைத்தான் சொல்கிறேன்: மேலே கறுப்புப் புள்ளி, கீழே குகை. யாரும் நம்புவதில்லை. ஆனால் அது பல். இது அலுமினியம்.

மார்ச் 10, செவ்வாய்

கேப்டன் பேசினார். இருபதாம் தேதி வாங்குவதற்கு வேறொரு பார்ட்டி வருகிறதாம். இருபத்திரண்டுக்கு முன்னால் இருபது வருகிறது. அக்கா மகள் வருவதற்குள் முடித்துவிடலாம். காலண்டரே என் கட்சிதான்.

மார்ச் 12, வியாழன்

மேலிடத்துக்குத் தகவல் தெரிவித்தேன். மேலிடம் என்றால் மனைவி. கல்யாணமாகி இருபத்தொன்பது வருடத்தில் என் பேச்சில் ஒரு வார்த்தையைக்கூட நம்பியதில்லை. நான் பிடித்த மீன் படகை இழுத்துக்கொண்டு போனதை நம்பவில்லை. என் ஸ்கூட்டரில்கூட ஏறமாட்டாள், பஸ்ஸில்தான் போவாள்.

துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "உறுதியா இருக்குமா?"

"இரும்பு மாதிரி."

"அலுமினியம்னீங்க?"

மடித்த துணியை எடுத்து அலமாரியில் அடுக்கினேன்.

"நல்லா பாத்துட்டு வாங்க. நல்லா இருக்குன்னு நீங்க சொன்னா நானும் ஏறி உக்காருறேன்."

மார்ச் 14, சனி

தலையில் மாட்டும் விளக்கு, வாய்க்கண்ணாடி, சொத்தை பார்க்கும் ஊசி, மூன்றையும் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போனேன். கேப்டன் டீ போடப் போன நேரத்தில் இறக்கைக்கு அடியில் இருந்த வட்ட மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தேன். விமான வரலாற்றில் முதல் பல் பரிசோதனை.

கொஞ்சம் வெள்ளைப் பொடி. அவ்வளவுதான். ஒன்றும் இல்லை.

மூடிவிட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

ஒன்றும் இல்லை என்று நேற்று எழுதினேன். சரிதான். அந்த ஆணி வரிசைக்குப் பக்கத்தில் மட்டும் — வேண்டாம்.

மார்ச் 17, செவ்வாய்

"பாத்தீங்களா?" மேலிடம் கேட்டாள்.

"பாத்தேன்."

"எப்படி இருக்கு?"

"வைரம்."

தலையாட்டினாள். வழக்கமாக வரும் குறுக்கு விசாரணை வரவில்லை. காத்திருந்தேன். வரவேயில்லை.

மாலையில் சாப்பாட்டு மேசையில் ஒரு கறுப்புக் கண்ணாடி. விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. "மேல வெயில் கண்ணைக் கூசுமாமே" என்றாள்.

மார்ச் 18, புதன்

இத்தனை வருஷமா நம்பாதவ. இப்பவா நம்பணும்?

மார்ச் 19, வியாழன்

சரி. எழுதித் தொலைக்கிறேன்.

இறக்கைக்குள் குறுக்கே ஓர் உத்தரம் ஓடுகிறது. மொத்த விமானத்தையும் ஆகாயத்தில் தாங்குவது அதுதான். மழையில் நனைந்து காய்ந்த புத்தகம் மாதிரி அது ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது. ஊசியால் தொட்டேன். இறங்கிச்சு. பல்லுல எப்படி இறங்குமோ அப்படியே இறங்கிச்சு. முப்பது வருஷமா இந்தக் கைக்குத் தெரிஞ்ச ஒரே விஷயம் அது. அதையும் மீறி மூடினேனே, நான் என்ன ஜென்மம்? அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டா?

அக்கா மகளுக்குப் போன்.

"எவ்வளவு ஆழம் மாமா?"

"மூணு மில்லிமீட்டர்."

"அங்க மொத்த கனமே அஞ்சுதான்." "உங்களைத் திட்டவா, பாராட்டவா?"

"வரிசையா செய்."

திட்டோடு நிறுத்திக்கொண்டாள்.

மார்ச் 20, வெள்ளி

கேப்டனிடம் வேண்டாம் என்று சொன்னேன். காரணத்தையும் சொன்னேன்: "உத்தரம் போயிடுச்சு. நீங்களும் ஏறாதீங்க." டீ கிளாஸைக் கீழே வைத்தார். வேறொரு பார்ட்டி என்ற அந்தப் பார்ட்டி வரவுமில்லை.

வீட்டில் அதைவிடக் கஷ்டம். பொய் சொன்னதை ஒப்புக்கொண்டேன்.

"தெரியும்."

"எப்படி?"

"வைரம்னு ஒரே வார்த்தையில முடிச்சீங்க. நிஜமா நல்லா இருந்திருந்தா ரெண்டு மணி நேரம் பேசியிருப்பீங்க."

"தெரிஞ்சுமா கண்ணாடி வாங்கினே?"

"தெரிஞ்சதாலதான் வாங்கினேன். நான் நம்பினாத்தானே உங்களுக்கு உறுத்தும்."

சக்கரவர்த்தி சிம்மாசனத்தை விட்டு இறங்கிப் போய்ப் பாத்திரம் தேய்த்தார்.

மார்ச் 22, ஞாயிறு

அக்கா மகள் வந்து, கேப்டன் சம்மதத்தோடு இரண்டு இறக்கையையும் திறந்தாள். வலதும் அதே கதி. மகாராணி இனிப் பறக்க மாட்டாள். பாகம் பாகமாக விற்கப் போகிறார்கள். அக்கா மகள் கழற்றிய மூடிகளைத் திரும்பப் பொருத்தினாள். மாமா என்றுதான் கூப்பிட்டாள்.

ஜூன் 9, செவ்வாய்

மகாராணியின் முன் இருக்கைகள் இரண்டும் இப்போது என் கிளினிக்கின் காத்திருக்கும் அறையில், பெல்ட்டோடு. நோயாளி ஓடிப் போவது பாதியாகக் குறைந்திருக்கிறது.

இன்று கன்னம் வீங்கி கேப்டன் வந்தார். இடது இருக்கையில் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் பெல்ட்டையும் மாட்டிக்கொண்டார். உள்ளே கூப்பிட்டதும், "மேலாப்பல அடைச்சு விட்டுடுங்க டாக்டர்" என்றார்.

வாய்க்கண்ணாடியை எடுத்தேன். உற்றுப் பார்த்தார்.

"அன்னிக்கு ரெக்கைக்குள்ள விட்டதும் இதுதானே? டீயோட நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன்."

"கொதிக்க வெச்சாச்சு கேப்டன்."

"நானும் ஒரு தடவை திறந்து பாத்து மூடினவன்தான். நாலு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் ஏறலை."

ஏறாதவர் எனக்கு விற்கப் பார்த்தார். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் அதை மூடியது ஐந்து நாள். அவர் மூடியது நாலு வருஷம். எங்களுக்குள் வித்தியாசம் அவ்வளவுதான்.

"திறந்துதான் பாக்கணும்" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார்.

கறுப்புக் கண்ணாடி வீணாகவில்லை. மேலிடம் அதைப் போட்டுக்கொண்டு இன்று என் ஸ்கூட்டரில் ஏறினாள். மார்க்கெட் வரைக்கும் உயரம், வேகம், காற்றின் திசை எல்லாவற்றையும் அறிவித்துக்கொண்டே போனேன். "வாயை மூடிட்டு ரோட்டைப் பாருங்க" என்று மூன்று முறை சொன்னாள். இறங்கவில்லை.