இரவல் வண்டியில் ஒரு பெண் பார்த்தல்

நோர்பரி, லண்டன், ஏப்ரல் 2004

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். நீங்கள் பேசிய மாப்பிள்ளை தயாபரனைப் பார்க்க மாமியுடன் நோர்வேக்குப் போய்த் திரும்பிவிட்டேன்.

அங்கே இன்னமும் பனிதான். தயாபரன் பனியில் சறுக்கி ஓடும் ஒரு புத்தம்புதிய ஸ்நோமொபைலில் என்னை ஏற்றிப் பனிப்பாதையில் கொண்டுபோனார். பொத்தானை அழுத்தினால் ஓடுகிறது, கைப்பிடிகூடச் சூடு. ஆனால் தலைக்கவசத்துக்குள் ஒன்றும் கேட்கவில்லை. லண்டன் ரயிலில் யாரோடும் பேசாமல் இருப்பதைப் போலவே இருந்தேன்.

திரும்பி வந்ததும் அவருடைய சிநேகிதர் புவனேந்திரன் அண்ணை சிரித்தார். "என்ர வண்டியை இரவல் வாங்கியோடா பொம்பிளைக்குக் காட்டுறாய்?"

தயாபரனுக்கு முகம் கறுத்துவிட்டது. "உங்கட சொந்த வண்டியில போவம்" என்று அவரிடம் சொன்னேன்.

அது முப்பது வருடப் பழசு. கயிற்றை இழுத்துத்தான் இயக்க வேண்டும். மேடு பள்ளமெல்லாம் இடுப்பில் தெரிந்தது. உடுப்பெல்லாம் பெற்றோல் புகை. ஓடுவதற்குப் புதியதுதான் நல்லது, சந்தேகமில்லை. பழையது பாதி வழியில் நின்றும்விட்டது. பயப்படாதீர்கள், வீடுகள் தெரியும் தூரம்தான். அதற்குப் பின்னோக்கி ஓடத் தெரியாது. இருவருமாகப் பின்பக்கத்தைத் தூக்கித் திருப்பினோம்.

எஞ்சின் பிளக்கைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "வந்த புதுசில நான் இஞ்ச ஒவ்வொரு நாளும் அழுதனான். உங்களுக்கும் அப்பிடித்தான் இருக்கும், பொய் சொல்ல ஏலாது" என்றார்.

"லண்டனிலயும் அப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டேன். அதை உங்களுக்கு நான் எழுதியதே இல்லை.

சம்பந்தம் கொண்டுவந்த மாமாவிடம் ஓம் என்று சொல்லுங்கள். மிளகாய்த்தூளை இந்த முறை இரண்டு பொதியாகக் கட்டுங்கள். ஒன்றை நோர்வேக்கு அனுப்ப வேண்டும். வேலைக்கு நேரமாகிவிட்டது, பஸ் வருகிறது.

உங்கள் மகள்,
தர்மினி