நம்பர் 117-க்கு எந்த வகுப்பு

2004 நவம்பர் 22, திங்கள்
விடியலிலிருந்து தூறல். தேயிலைத் தோட்ட ஆபீஸ் கூரை ஒழுகல். கம்ப்யூட்டருக்குக் குடை பிடிக்கச் சொன்ன தோட்டத்துத் துரை, கிளாக்கரான என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஆட்களைக் கூப்பிட்டு வேலை பிரிக்கும் காலைப் பெரட்டுக்கு இன்று முதல் என் புரோகிராம். ஒவ்வொரு தொழிலாளியின் நம்பருக்கும் அன்றைய வேலைத் துண்டுச்சீட்டு அச்சாகும். கோப்பில் நம்பருக்கு எதிரே ஒரு சொல்: கொழுந்து, கவ்வாத்து, தொழிற்சாலை. புரோகிராம் ஓடும்போதுதான் அந்தச் சொல்லைப் படித்து, அதே பெயரில் நான் எழுதி வைத்த வகுப்பைத் தேடி, அந்த வார்ப்பில் கம்ப்யூட்டருக்குள் ஓர் ஆளை உருவாக்கும். நாற்பத்தெட்டு வயதில் பதுளையில் கற்ற ஒரே வித்தை.

மனைவி: "பேரைச் சொன்னா ஆள் வரும்னா, அது கம்ப்யூட்டரா கோடாங்கியா?"

23, செவ்வாய்
மழை. 117, செல்வி. இன்று பெரட்டிலிருந்து தொழிற்சாலைக்குப் போக வேண்டியவள் இவள் ஒருத்திதான். அச்சானதோ: கொழுந்து, ஒன்பதாம் மலை. மண் வெடிப்பு விட்டு, சரியுமென்று சிவப்புக் கொடி கட்டி மூடிய தேயிலை மலை.

குற்றவாளி நானே. தொழிற்சாலை வகுப்பை ஏற்ற மறந்திருக்கிறேன். வகுப்பு கிடைக்காவிட்டால் அந்த நம்பரின் பழைய வேலையை எடு என்றும் எழுதியிருக்கிறேன், துரை முன்னால் மானம் போகாமலிருக்க. 117 செத்துப்போன மாமியார் முத்தம்மாவின் நம்பர். இங்கே நம்பர் வீட்டை விட்டுப் போகாது, மருமகளுக்கு வந்தது. முத்தம்மா முப்பது வருடமும் ஒன்பதாம் மலை.

வகுப்பை ஏற்றினேன். பழைய வரியை அழித்தேன். செல்வியிடம் துண்டு தப்பு என்று சொன்னேன்.
"அத்தை மலைக்கே போயிடவாங்க ஐயா?" என்றாள். விளையாட்டாகச் சொன்னதாகத் தெரியவில்லை.

24, புதன்
பலத்த மழை. மறுபடி 117, ஒன்பதாம் மலை. சோதித்துப் பார்க்கக் கொழுந்து வகுப்பையே நீக்கினேன். கொழுந்துக்காரர் அத்தனை பேருக்கும் பிழைச் செய்தி. 117-க்கு மட்டும் துண்டு. 117-இடம் நீ எந்த வகுப்பு என்று கேட்க ஒரு வரி சேர்த்தேன். திரையில்: முத்தம்மா.

அப்படி ஒரு வகுப்பை நான் எழுதவில்லை.

பெரட்டில் செல்வி இல்லை. கங்காணி ஆறுமுகம்: "துண்டு வர்றதுக்கு முந்தியே கூடையோட ஏறிருச்சுங்க."

தொப்பையோடு ஓடினேன். கொடியருகில் பிடித்தேன். நின்ற இடத்தில் மண் மெத்தென்றிருந்தது.
"யாரு உன்னைப் போகச் சொன்னா?"
"பேரு கூப்பிட்டாங்களே."
கையைப் பிடித்து இறக்கினேன். கை ஜில்லென்று. மத்தியானம் அந்த இடம் ஓடைவரை சரிந்தது.

25, வியாழன்
மழை இல்லை. செல்விக்குப் புது நம்பர், 341. துரையிடம் ஏதோ புளுகினேன்.
ஆறுமுகம்: "அப்ப 117?"
"அவங்ககிட்டயே இருக்கட்டும்."
தலையாட்டினார்.

341 என்றதும் செல்வி "இருக்கேங்க" என்று துண்டு வாங்கித் தொழிற்சாலைக்கு இறங்கினாள். 117-க்கும் ஒன்று அச்சாகியிருந்தது. கிழிக்கத் தைரியமில்லை. மேசையில் ஒரு கல்லின் கீழ் விட்டேன். ஆள் கலைந்த பின் கல் மட்டும் இருந்தது.

மூன்று மணிக்கு ஆறுமுகம் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.
"ஒன்பதுல சரியாத பக்கம், ஒரு நெரைச் செடியில மட்டும் கொழுந்து எடுத்திருக்குங்க ஐயா. சுத்தமா."