ஒரு துடிப்பில் எடுத்த படம்

ஸ்பிரிட் பஞ்சின் வாசனை சோப்புப் போட்டும் விரலை விட்டுப் போகவில்லை. உனக்குப் பின் உன் தையல் மிஷினில் உட்கார்ந்தவளுக்கு நெஞ்சுவலி. இதய ஸ்கேன் எடுக்க அவளுக்குத் துணையாக வேலூர் போய், இப்போதுதான் ஆம்பூர் திரும்பினேன். அவளுக்கு ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்தபோதே உன்னிடம் பேச வேண்டும் போலிருந்தது.

உனக்கு எடுத்த நாள் நினைவிருக்கிறதா? ஷூ கம்பெனி மாடிப்படி ஏறினாலே உனக்கு நெஞ்சை அடைக்கும். நீயோ வாயு என்று சொல்லி ஓமத்தை மென்றுகொண்டு திரிந்தாய். கை வழியாக இதயத்துக்குக் கம்பி விட்டு அடைப்பு இருக்கிறதா பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னதும், “அதுக்கு நான் செத்தே போறேன்” என்று எழுந்துவிட்டாய். சரி, கம்பி இல்லாமல் ஸ்கேனிலேயே பார்ப்போம் என்றார். அதுவும் சரிவராவிட்டால் நீ மறுபடி ஆஸ்பத்திரிப் படி மிதிக்கமாட்டாய்.

ஸ்கேன் எடுக்கும் பெண் பொறுமைசாலி. “ஒரே துடிப்புல மொத்த ஹார்ட்டையும் எடுத்துடும்மா. ஆனா இவ்ளோ வேகமா அடிச்சா படம் கலங்கிடும்” என்றாள். மாத்திரை போட்டும் துடிப்பு இறங்கவில்லை.

“இன்னா பண்றது, பீஸ் ரேட்ல ஓடியே பழகிடுச்சி” என்றாய். உன்னைப் போலவே ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் நான் மட்டும் சிரித்தேன்.

மூச்சைப் பிடித்துப் பழகச் சொன்னாள். பிடித்தாய். ‘விடலாம்’ என்று மிஷின் சொல்லியும் நீ விடவில்லை. அந்தப் பெண் பதறி ஓடி வந்தாள். காரணம் எனக்குத்தான் தெரியும். ஷூவின் மேல்தோலான அப்பரில் வளைவு தைக்கும்போது மூச்சைப் பிடித்தால், நூலை வெட்டும்வரை நாம் யாரும் விடமாட்டோம். விட்டால் தையல் கோணிவிடும்.

“இங்க நூல் வெட்றது அந்த மிஷின்டி. அது சொன்னா விட்ரு. ஒரு வளைவு தைக்கிறேன்னு நெனைச்சிக்கோ” என்றேன். தெரிந்த வேலை என்றதும் உன் தோள் தளர்ந்தது. கொஞ்ச நேரத்தில் திரையில் துடிப்பின் எண்ணும் இறங்கியது.

படத்தில் ஒரு குழாய் முக்கால்வாசி அடைத்திருந்தது. நீ அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு, “கண்ணால பாத்தாச்சி, இனிமே பயம் இன்னா. கம்பி விடுங்க” என்று நீயே கையை நீட்டினாய். டாக்டரே அசந்துபோனார்.

பல வருடம் கழித்து, போன மழைக்காலத்தில் வந்த காய்ச்சல்தான் உன்னைக் கொண்டுபோனது. அடைப்பு நீக்கிய அந்த இதயம் கடைசிவரை உன்னைக் கைவிடவில்லை.

இப்போது நம் தையல் லைனில் யாருக்கு நெஞ்சுவலி வந்தாலும் என்னைத்தான் துணைக்குக் கூப்பிடுகிறார்கள். லீவு போட்டுவிட்டுப் போகிறேன். உன்னைப் போலத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். இவளுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள், சந்தோஷம். ஆனால் வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அழுதேன். அந்த ஸ்கேன் மிஷினுக்கு உன் இதயத்தின் ஒரு துடிப்பு போதுமாக இருந்தது. அதற்கப்புறம் கிடைத்த அத்தனை வருடமும் எனக்குப் போதவில்லையடி.